அமரர் ஊர்திக்கு அவகாசம்

கடன்பட்டவன் தெரியாத நம்பரிலிருந்து வரும் அழைப்பை எடுக்கமாட்டான். இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி தேவையில்லை, ஒரு தவணை தவறினால் போதும். ஆனால் எங்கள் இலவசக் கடன் ஆலோசனை மையத்தை மேம்படுத்த அனுப்பப்பட்ட நிபுணர் வாழ்க்கையில் ஒரு தவணையும் தவறியதில்லை. அதனால் அவருக்கு இது தெரியவில்லை. அவருக்குத் தெரியாததால் ஒரு மனிதரின் அமரர் ஊர்தி பறிபோக இருந்தது.

மையம் ஒரு சலவைக் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது. கீழே இயந்திரங்கள் சுற்றும்போது மேலே மேசை நடுங்கும். கடனைப் பற்றிப் பேச வருகிறவர்கள் தங்கள் கைதான் நடுங்குகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். நாங்களும் திருத்தமாட்டோம்.

வேலை செய்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் வக்கீலம்மா. நீதிபதிகளோடு மல்லுக்கட்டிச் சலித்துப்போய், சம்பளம் குறைந்தாலும் சரி என்று இங்கே வந்து உட்கார்ந்தவர். இன்னொருவன் நான். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு வசூல் நிறுவனத்தில் இரவுப் பணி பார்த்தவன். வேறு நாட்டில் பகலாக இருக்கும் நேரத்தில் அங்கே கடன் வாங்கியவர்களைப் போனில் துரத்துகிற வேலை. மனசாட்சி உறுத்தியதால் அதை விட்டேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். எனக்குப் பகலில் தூக்கம் வரவில்லை, விட்டேன்.

மையத்தின் வேலைமுறை முன்பு எளிதாக இருந்தது. ஆள் வருவார். பையிலிருக்கும் காகிதங்களை மேசைமேல் கொட்டச் சொல்வார் வக்கீலம்மா. பயந்துபோய்ப் பிரிக்காமலே வைத்திருக்கும் உறைகளை நான் பிரிப்பேன். வந்தவர் அழுது முடிப்பதற்குள் மனு தயாராகிவிடும். ஆளையும் மனுவையும் சேர்த்து இரண்டு தெரு தள்ளியிருக்கும் மனு அலுவலகத்துக்கு நாங்களே அழைத்துப்போவோம். அங்கே அதிகாரியின் கண்ணெதிரே கையெழுத்துப் போட வேண்டும். முத்திரை விழுந்துவிட்டால் இரண்டு மாதத்துக்குக் கடன் கொடுத்தவன் வாசற்படி ஏறக் கூடாது, போன் செய்யக் கூடாது, வண்டி வாசியில் கை வைக்கக் கூடாது. சட்டத்தில் அதற்கு நீளமான பெயர் உண்டு. நாங்கள் மூச்சு மனு என்போம். கடன் ஒரு காசு குறையாது. மூச்சு வாங்கிக்கொள்ளலாம், அதற்குள் தவணையைத் திருத்திப் பேசலாம், அவ்வளவுதான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது நிதி கொடுக்கிறவர்களுக்கு எங்கள்மேல் அக்கறை வந்துவிட்டது. சேவையை மேம்படுத்த ஒரு நிபுணரை அனுப்பினார்கள். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல், கோபமே வராத முகம். அவர் முதுகுக்குப் பின்னால் நாங்கள் அவரை மேம்பாடு என்று அழைத்தோம். கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் முதல் வாரமே விரட்டியிருக்கலாம்.

மேம்பாடு சுவருக்கு இளம்பச்சை அடித்தார். நாற்காலிகளை வட்டமாகப் போட்டார். வெளியே போகும்போது அழுத்துவதற்காகச் சிரித்த முகம், சிரிக்காத முகம் என்று கதவோரம் இரண்டு பொத்தான்கள் வைத்தார். இதுவரைக்கும் யாருக்கும் சேதமில்லை. பிறகு வேலைமுறையில் கை வைத்தார். பதற்றத்தோடு வருகிறவர் தெளிவாக முடிவெடுக்கமாட்டாராம். எனவே முதல் நாள் அறிமுகம் மட்டும். மனு எழுதக் கூடாது. பிறகு நாங்கள் போன் செய்து, நேரம் குறித்து, மறுபடி வரவழைக்க வேண்டும். மூன்று முறை அழைத்தும் பேச்சு நடக்காவிட்டால் கோப்பில் ஆர்வமில்லை என்று முத்திரை குத்தி மூடிவிட வேண்டும். அழைக்கும்போது முதல் வார்த்தை, இனிய வணக்கம். அதைச் சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும், சிரிப்பு போனில் கேட்கும் என்றார். என் பழைய மேலாளரும் இதையேதான் சொல்வார், வட்டி கேட்பதற்கு முன்னால்.

"போன் எடுக்கமாட்டாங்க சார்," என்றேன்.

"ஏன்?" என்றார் மேம்பாடு.

கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். வக்கீலம்மா மின்விசிறியைப் பார்த்தார்.

புது முறை தொடங்கிய வாரத்தில்தான் அந்தக் கணவனும் மனைவியும் வந்தார்கள். அவர் அமரர் ஊர்தி ஓட்டுகிறவர். சொந்த வண்டி, பின்னால் குளிர்பெட்டி, எல்லாமே கடனில். சாவுக்கு விடுமுறை கிடையாது, இந்தத் தொழிலில் நஷ்டமே வராது என்று யாரோ சொன்னதைக் கேட்டு இறங்கியிருக்கிறார். சொன்னவன் பொய் சொல்லவில்லை, சாவு குறையவில்லை. போன்தான் பிரச்சினை. சாவு வீட்டுக்காரன் எப்போதும் தெரியாத நம்பர்தான். அமரர் ஊர்திக்காரரின் நம்பரை யார் முன்கூட்டியே சேமித்து வைப்பார்கள்? ஒரு தவணை தவறியதும் வசூல்காரர்களும் தெரியாத நம்பர்களிலிருந்து கூப்பிட ஆரம்பித்தார்கள். இவர் போன் எடுப்பதை நிறுத்தினார். சவாரி நின்றது. சவாரி நின்றதால் அடுத்த தவணையும் தவறியது. அதனால் இன்னும் அதிகமாகக் கூப்பிட்டார்கள். நாய் தன் வாலைத் துரத்துவதுபோல. கடைசியில் வியாழக்கிழமைக்குள் பாக்கியைக் கட்டாவிட்டால் வண்டியைத் தூக்கிவிடுவோம் என்று கடிதம் வந்துவிட்டது.

பழைய முறையாக இருந்தால் அவர்கள் தேநீர் குடித்து முடிக்கும்முன் வக்கீலம்மா மனு எழுதியிருப்பார். மேம்பாடு பக்கத்திலேயே நாற்காலி போட்டுக் கவனித்துக்கொண்டிருந்ததால் அறிமுகம் மட்டும் நடந்தது. ஓட்டுநர் தன் பெயரைச் சொன்னார். அவர் மனைவியும் சொன்னார். தங்களுக்குப் பிடித்த விஷயங்களையும் சொல்லச் சொன்னார் மேம்பாடு. ஓட்டுநர் யோசித்துவிட்டு, தூக்கம் என்றார். கண்டிப்பாகக் கூப்பிடுவோம் என்று அனுப்பிவைத்தோம். போகும்போது மரியாதைக்காகச் சிரித்த முகத்தை அழுத்திவிட்டுப் போனார்கள்.

கூப்பிட்டேன். யாரோ எடுத்தார்கள், பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. இனிய வணக்கம் என்றேன். துண்டித்துவிட்டார்கள். மறுநாளும் அதே கதை. நேரில் போனேன். வீடு பூட்டியிருந்தது. அவர்கள் ஊரைவிட்டே போய்விட்டதாகப் பக்கத்து வீட்டம்மா சொன்னார், அந்த வீட்டுக் கொடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டே. நான் கடன் ஆலோசனை மையத்திலிருந்து உதவி செய்யத்தான் வந்திருக்கிறேன் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முந்தாநாள் வந்தவனும் உதவி செய்யத்தான் வந்ததாகச் சொன்னான் என்றார். உண்மை. நாங்களும் இரவுப் பணியில் அப்படித்தான் ஆரம்பிப்போம்.

வண்டியை எங்கோ ஒளித்துவைத்திருந்தார்கள். அவ்வளவு பெரிய வெள்ளை வண்டியை, இரண்டு பக்கமும் அமரர் ஊர்தி என்று எழுதிய வண்டியை ஒளித்துவைப்பதற்கும் ஒரு திறமை வேண்டும்.

வியாழக்கிழமை காலை வந்தது. மூன்றாவது அழைப்புதான் பாக்கி. அதுவும் போனால் கோப்பை மூடிவிட வேண்டும். நம்பரை அழுத்தினேன். எடுத்தார்கள். அதே மௌனம். இந்த மௌனம் யாருக்காகக் காத்திருக்கிறது என்று அப்போதுதான் மண்டையில் உறைத்தது. நான் வணக்கம் சொல்லவில்லை.

"வண்டி வேணும்," என்றேன்.

"எப்ப ஆச்சு?" பெண் குரல். அவர் மனைவி.

"காலைல."

"யாரு?"

"மாமா."

"வயசானவரா?"

"இல்லக்கா. கடன் தொல்லை."

எங்கே வர வேண்டும் என்று கேட்டார். சலவைக் கடை என்று சொன்னால் மையம்தான் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். பெரிய சாலையில் பெட்ரோல் பங்க் பக்கம் வந்துவிட்டுக் கூப்பிடச் சொன்னேன். சீக்கிரம் வந்துவிடுவோம், தைரியமாக இருங்கள் என்று சொல்லி வைத்தார்.

வசூல் நிறுவனத்தில் பயிற்சியின் முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள், சாவை வைத்துப் பொய் சொல்லாதே என்று. ஈவு இரக்கத்தால் இல்லை, புகார் வரும் என்பதால். எது எப்படியோ, அங்கே அதற்குத் தடை இருந்தது.

வக்கீலம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"யாருடா உனக்கு மாமா?"

"அவசரத்துக்கு வாயில வந்துச்சும்மா."

"அது கிடக்கட்டும். அவங்க வண்டிய ஒளிச்சு வெச்சிருந்தாங்க. இன்னைக்குத் தூக்குற நாள். நீ அத நடுரோட்டுக்கு வரவெச்சிருக்க."

வசூல் வேலையில் ஆளைப் போனை எடுக்கவைத்துவிட்டால் ஜெயித்த மாதிரி. அதற்கு மேல் யோசிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. வண்டி தூக்குகிறவர்களுக்கு ஊரெல்லாம் கண் உண்டு என்பது மட்டும் நன்றாகத் தெரியும். பெட்ரோல் பங்க்கில் ஒருவன், வண்டி நிறுத்துமிடத்தில் ஒருவன், நம்பரைப் பார்த்துச் சொன்னால் கையில் ஏதாவது கிடைக்கும். நான் வரச் சொன்னதே பெட்ரோல் பங்க்குக்கு. வர வேண்டாம் என்று சொல்ல அவசரமாக மறுபடி கூப்பிட்டேன். பதற்றத்தில், பழக்கதோஷத்தால் வணக்கம் என்று ஆரம்பித்துத் தொலைத்தேன். துண்டித்துவிட்டார்.

வண்டி வந்தது. பங்க்கிலிருந்து நான் நடந்து முன்னால் வர, அது பின்னால் ஊர்ந்து வந்து சலவைக் கடை வாசலில் நின்றது. கடைக்காரம்மா இயந்திரங்களை நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றார். தெருவே அமைதியாகிவிட்டது. ஓட்டுநர் இறங்கினார். தேய்த்த சட்டை, படிய வாரிய தலை. பல நாட்களுக்குப் பிறகு கிடைத்த சவாரி என்று முகத்திலேயே தெரிந்தது. அதைத் துக்கத்துக்கு ஏற்ற அளவில் அடக்கி வைத்திருந்தார். அவர் மனைவி கையில் மடித்த வெள்ளை விரிப்போடு இறங்கினார். படிக்கட்டைப் பார்த்தார். மாடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பாடி எங்க?" என்றார் ஓட்டுநர்.

"இல்லண்ணே. யாரும் சாகல. நீங்க வந்து ஒரு மனுவுல கையெழுத்துப் போடணும். அதுக்காகத்தான்."

அவர் சத்தம் போடவில்லை. கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார். சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வசூலுக்கு வர்றவன்கூட இப்படிப் பொய் சொன்னதில்ல தம்பி."

"அவங்களுக்குத் தடை இருக்குண்ணே."

"கடன்ல செத்தவர்கிட்ட கூலி வாங்கறதா வேணாமான்னு வழியெல்லாம் புலம்பிட்டு வந்தாரு மனுசன்," என்றார் அவர் மனைவி. "பக்கத்து வீட்ல காசு கேட்டு வாங்கி டீசல் போட்டிருக்கோம். நல்லா இருக்கு தம்பி உங்க உதவி."

வக்கீலம்மா மனுவோடு இறங்கிவந்து, ஓட்டுநர் பக்கத்தில் அதே படியில் உட்கார்ந்தார். கையெழுத்துப் போட்டுப் போட்டுத்தான் இந்தக் கதிக்கு வந்தேன், இன்னொன்றா என்றார் ஓட்டுநர். இதில் நீங்கள் யாருக்கும் எதையும் தருவதாக எழுதவில்லை, தொடாதே என்றுதான் எழுதியிருக்கிறது என்றார் வக்கீலம்மா. ஓட்டுநர் காகிதத்தை மனைவியிடம் நீட்டினார். அந்த அம்மா நின்ற இடத்திலேயே படித்தார். அடியில் பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயர் வரைக்கும் படித்தார்.

"போடலாம்," என்றார்.

அப்போது ஒரு பைக் வந்து வண்டிக்குக் குறுக்கே நின்றது. இரண்டு பேர். பெரியவர் தலைக்கவசத்தைக் கழற்றி, சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். சின்னவன் ஏற்கெனவே ஓட்டுநர் இருக்கையின் கதவில் கை வைத்துவிட்டான். சாவி கேட்டார்கள். ஓட்டுநரின் கை தன்னால் சட்டைப் பைக்குள் போனது. நிறைய நாள் பயந்தவனின் கை அப்படித்தான், கேட்டால் கொடுத்துவிடும்.

பெரியவரின் கண் வெள்ளை விரிப்பில் விழுந்தது.

"பாடி இருக்கா?"

"மேல இருக்கு," என்றேன். ஒரு நாளில் இரண்டாவது பிணம்.

பெரியவர் சின்னவனின் கையைக் கதவிலிருந்து எடுத்துவிட்டார். தொழில் தெரிந்த மனிதர். பிணத்தோடு வண்டியைத் தூக்கினால் ஊர் அடிக்கும் என்பது தெரியும். அடிக்காவிட்டாலும் அவர் தூக்கியிருக்கமாட்டார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

"ஏத்துங்க," என்றார். "இறக்குற வரைக்கும் பின்னாடியே வர்றோம். இறக்கினதும் வண்டி எங்களுது. அதுல பேச்சு கிடையாது."

பொய்யில் ஒரு சிரமம் உண்டு. சொன்னதைக் கொஞ்ச நேரத்தில் காட்ட வேண்டியிருக்கும். வண்டியை விட்டுவிட்டு மனு அலுவலகத்துக்கு நடந்தால், திரும்பி வரும்போது வண்டி இருக்காது. வண்டியோடு போக வேண்டுமென்றால் உள்ளே பிணம் வேண்டும். மாடியில் பிணம் இல்லை. மேம்பாடுதான் இருந்தார்.

காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஏதோ கூட்டத்தில் இருந்தார். வக்கீலம்மா அதைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, நடந்ததை நாலு வரியில் சொன்னார். ஐந்தாவது வரியில் அவர் செய்ய வேண்டியதைச் சொன்னார். மேம்பாட்டின் முகத்தில் முதல் தடவையாக ஏதோ அசைந்தது. இது நெறிமுறைக்கு ஒத்துவருமா என்று கேட்டார்.

"வந்த நாள்லேர்ந்து ஒண்ணு சொல்லிட்டே இருக்கீங்க சார். வாடிக்கையாளர் இடத்துல இருந்து பாக்கணும்னு."

"ஆமா மேடம், ஆனா..."

"இவங்க வாடிக்கையாளர் இருக்கற எடம் பெட்டி. படுங்க."

வட்டமாகப் போட்ட நாற்காலிகளுக்கு நடுவே, ஓட்டுநர் கொண்டுவந்த தூக்குப் படுக்கையில் அவர் படுத்தார். ஒன்று சொல்ல வேண்டும், ஆள் மறுக்கவில்லை. ஓட்டுநரின் மனைவி தொழில் சுத்தத்தோடு கைகளைச் சேர்த்துவைத்து, கழுத்துப் பொத்தானைப் போட்டுவிட்டார்.

"மூக்கு அரிச்சா இப்பவே சொறிஞ்சுக்குங்க சார்."

சொறிந்துகொண்டார். விரிப்பைப் போர்த்தினோம்.

படிக்கட்டுத் திருப்பத்தில் படுக்கை மாட்டிக்கொண்டது. வண்டி தூக்க வந்த பெரியவர் கேட்காமலே மேலேறி வந்து ஒரு முனையைப் பிடித்தார். கனமான ஆள் என்றார். அப்படித்தான் இருக்கும் என்றார் ஓட்டுநர். கீழே கடைக்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"காலைலதான சட்டை வாங்கிட்டுப் போனாரு. நல்லா இருந்தாரே."

"மீட்டிங்ல இருந்தாரு," என்றார் வக்கீலம்மா. "அப்படியே போயிட்டாரு."

கடைக்காரம்மா தலையாட்டினார். "சட்டைக்குக் காசு தரல," என்றார். பிறகு, "விடுங்க, பரவால்ல."

குளிர்பெட்டியை இயக்காமல், மூடியைக் கொஞ்சம் திறந்தாற்போல வைத்து அவரை ஏற்றினோம். வக்கீலம்மா பின்னால் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முன்னால் ஓட்டுநர், அவர் மனைவி, நான். பின்னால் பைக்.

இரண்டு தெருதான். ஒருவழிப் பாதை என்பதால் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஓட்டுநர் ஒலிப்பான் அடிக்கவில்லை, வேகம் எடுக்கவில்லை. வண்டிகள் தாமாகவே ஒதுங்கின. நடைபாதையில் போனவர்கள் நின்று தலை குனிந்தார்கள். சிவப்பு விளக்கருகே நின்ற போலீஸ்காரர் எங்களுக்குக் கை காட்டிவிட்டார். பின்னாலேயே வந்த பைக்குக்கும் துக்க வீட்டுச் சலுகை கிடைத்தது. ஓட்டுநர் நன்றாக ஓட்டினார். பள்ளங்களில் தண்ணீர்க் குடம் ஏற்றிய வண்டிபோல இறக்கி ஏற்றினார். பொய்ப் பிணத்துக்கு எதற்கு இவ்வளவு பக்குவம் என்று கேட்டேன். கை அப்படித்தான் பழகியிருக்கிறது என்றார். அவர் மனைவி பக்கக் கண்ணாடியில் பைக்கையே பார்த்துக்கொண்டு வந்தார். இந்த வண்டி போய்விட்டால் கூலி வண்டி ஓட்டப் போக வேண்டியதுதான் என்றார். கண்ணாடியிடம்தான் சொன்னார், எங்களிடம் இல்லை.

மனு அலுவலகத்தில் வரிசை வாசல் வரைக்கும் நின்றது. எல்லோரும் கையில் காகிதப் பையோடு, எல்லோரும் எங்கள் ஜாதி, கடன்பட்ட ஜாதி. வெளியே நிற்கும் வண்டியைப் பார்த்ததும் முன்னால் நின்றவர் ஒதுங்கினார். சாவு வீட்டுக்காரர்களை விடுங்கள் என்று யாரோ சொன்னார்கள். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தர் மனுவைப் புரட்டினார்.

"வாகனம் இப்ப யார்கிட்ட இருக்கு?"

"எங்கிட்டதான் சார். வாசல்ல நிக்குது."

எழுத்தர் எட்டிப் பார்த்தார். அமரர் ஊர்தி, அதன் பின்கதவை ஒட்டி பைக், பைக்கில் இரண்டு பேர். இந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் எவ்வளவோ பார்த்திருப்பார்.

"பாடியோட வந்திருக்கீங்க."

"அவசரம் சார்," என்றார் ஓட்டுநர் மனைவி.

எழுத்தர் வேறெதுவும் கேட்கவில்லை. பேனாவைத் திருப்பி நீட்டினார். ஓட்டுநர் கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு எழுத்தாக, பள்ளத்தில் வண்டி இறக்குவதுபோல. முத்திரை விழுந்தது. அந்தச் சத்தத்தைப் பல தடவை கேட்டிருக்கிறேன். இந்தத் தடவை அது விழும்வரைக்கும் மூச்சுவிட மறந்துவிட்டேன்.

வெளியே வந்து நகலைப் பெரியவரிடம் கொடுத்தோம். வாசித்தார். மறுபடி வாசித்தார். தள்ளிப் போய் முதலாளியிடம் போனில் பேசினார். முத்திரை விழுந்துவிட்டது, பாடி இருந்தது, நான் என்ன செய்யட்டும் என்று அவர் சொல்வது எங்களுக்குக் கேட்டது. திரும்பி வந்து ஓட்டுநரிடம், ரெண்டு மாசம் கழித்துப் பார்ப்போம் என்றார். பகையில்லாமல்தான் சொன்னார். பிறகுதான் எங்கள் தலையில் இடியைப் போட்டார்.

"அடக்கம் எங்க? இவ்வளவு தூரம் வந்துட்டோம். நாங்களும் ஒரு கை பிடிக்கிறோம்."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இவ்வளவு நல்ல மனிதரை இடுகாடு வரைக்கும் அலைக்கழிக்க யாருக்கும் மனம் வரவில்லை. ஓட்டுநரின் மனைவி போய்ப் பின்கதவைத் திறந்து, விரிப்பை விலக்கினார்.

மேம்பாடு தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. மெல்லிய குறட்டை.

சின்னவன் குனிந்து பார்த்தான். "உசுரு இருக்குண்ணே."

"இப்பத்தான் வந்துச்சு," என்றார் வக்கீலம்மா.

பெரியவர் மேம்பாட்டைப் பார்த்தார். கையிலிருந்த நகலில் முத்திரை இருக்கிறதா என்று மறுபடி பார்த்தார். இருந்தது.

"கனமா இருக்கும்போதே நினைச்சேன்," என்றார். தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு பைக்கை உதைத்தார். திருப்பத்தில் சின்னவனின் தோள் குலுங்குவது தெரிந்தது. பெரியவர் குலுங்கினாரா என்று தெரியவில்லை. அவர்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது மேம்பாடு பெட்டியைவிட்டு எழுந்து வக்கீலம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நடுத் தடுப்பு ஜன்னல் வழியாக ஓட்டுநரின் மனைவியிடம் ஒரு கேள்வி கேட்டார். போனை எடுத்துவிட்டு ஏன் ஒவ்வொரு தடவையும் பேசாமல் வைத்தீர்கள்?

"சவாரி வந்தாலும் வரும்னு இப்ப நான்தான் எடுக்கறேன். அழுதுட்டு இருக்கறவங்க வணக்கம் சொல்லமாட்டாங்க சார். வணக்கம்னு ஆரம்பிக்கறவங்க எல்லாருமே பணம் கேக்கறவங்கதான்."

அடுத்த வாரம் இனிய வணக்கம் போய்விட்டது. ஆர்வமில்லை என்ற முத்திரையை வக்கீலம்மா குப்பைத்தொட்டியில் போட்டார், மேம்பாடு பார்க்காததுபோல இருந்தார். ஆள் வந்த அன்றே மனு எழுதி, கூடவே போய்க் கையெழுத்துப் போடவைக்கும் புதுமையான முறை ஒன்றை அவர் கண்டுபிடித்து அறிக்கையில் எழுதினார். நாங்கள் பல வருடமாகச் செய்துவந்ததுதான். பெயர் மட்டும் அவர் வைத்தது. வைத்துக்கொள்ளட்டும். எழுதியது அவராக இருந்ததால்தான் நிதி கொடுப்பவர்கள் ஒத்துக்கொண்டார்கள்.

அது அடுத்த வாரம். அன்றைக்கு வண்டி சலவைக் கடை வாசலில் மறுபடி நின்றபோது கடைக்காரம்மா உள்ளேதான் இருந்தார். மேம்பாடு தன் காலில் இறங்கி வருவதைப் பார்த்துவிட்டு, பேசாமல் சட்டைக்கான ரசீதை எடுத்து நீட்டினார். மேம்பாடு காசைக் கொடுத்துவிட்டு வரும்வரை காத்திருந்தோம். ஓட்டுநர் இருக்கையைவிட்டு இறங்காமல் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். நன்றி சொல்கிறார் என்று நினைத்துப் பிடித்துக் குலுக்கினேன்.

"கூலி தம்பி," என்றார்.

"அண்ணே, நாங்க இலவசச் சேவை."

"இலவசம் நீங்கதான். நான் இல்லியே. கூப்பிட்டீங்க, வந்தேன். ஏத்தினேன், கொண்டுபோனேன், திரும்பவும் கொண்டாந்திருக்கேன். திரும்பி வர்ற சவாரி இதுவரைக்கும் ஓட்டினதில்ல, அதுக்கு எங்கிட்ட ரேட்டே கிடையாது. போற ரேட்டு மட்டும் குடுங்க."

நியாயம். வக்கீலம்மா தன் கைப்பையைத் திறந்து எண்ணிக் கொடுத்தார். மையத்தின் கணக்கில் எழுத வேண்டும், ரசீது வேண்டும் என்றார். ஓட்டுநரின் மனைவி இருக்கைக்கு அடியிலிருந்து ரசீதுப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தேதி எழுதினார், புறப்பட்ட இடம் எழுதினார். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது. இறந்தவர் பெயர்.

"என்ன போட?" என்றார்.

எல்லோரும் மேம்பாட்டைப் பார்த்தோம். அவர் கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு வண்டி அருகே வந்தார். தன் பெயரை நிதானமாகச் சொன்னார். அந்த அம்மா எழுதுவதை எட்டிப் பார்த்தார்.

"இனிஷியலும் போட்டுடுங்க," என்றார். "இல்லைன்னா ஆடிட்ல கேப்பாங்க."